ஆயிரம் மெகாபிட்டும் அக்காவின் பூவேலைத் துணியும்

பழனிசெட்டிபட்டிக்காரர்களுக்குக் கடைமடை என்றால் என்னவென்று யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. லோயர் கேம்ப்பிலிருந்து இந்த ஊர் வரையில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இருக்கிறது. தலைமடையில் ஷட்டரைத் திறந்துவிட்டதாகச் செய்தி வரும். வயலில் தண்ணீர் ஏறினால்தான் நிஜம்! நடுவில் எங்கே அடைப்பு என்பதை மண்வெட்டியும் கையுமாக நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

அதே ஊரில் இருக்கும் என் அக்கா வீட்டில் சென்ற மாதம் இப்படித்தான் ஒரு கடைமடைத் தகராறு. தண்ணீருக்கல்ல, இன்டர்நெட்டுக்கு!

அக்காவின் பெண் சென்னையில் உள்ள ஒரு ஸ்டூடியோவுக்கு வீடியோ எடிட்டிங் செய்கிறாள். கைக்குழந்தைக்காரி. மாடியறையில் அவள் வேலை பார்க்க, கீழே குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்கிறாள். தினம் காலையில் 40 ஜிகாபைட் படம் சென்னையிலிருந்து இறங்க வேண்டும். இறங்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. "அடுத்த மாதமும் இப்படியென்றால் சென்னைக்கே வந்துவிடுங்கள்" என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். குழந்தையை விட்டுவிட்டா, தூக்கிக்கொண்டா?

"ஆயிரம் மெகாபிட் என்று பணம் வாங்குகிறார்கள், மோசடி!" என்று அத்தான் குதித்தார். நான் கம்பெனிக்காக வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் முதலில் கணக்கைப் பார்ப்போமா?

எட்டுப் படி ஒரு மரக்கால் அல்லவா? அதுபோல எட்டு பிட் ஒரு பைட். கம்பெனி விற்பது பிட் கணக்கில். கம்ப்யூட்டர் காட்டுவது பைட் கணக்கில். 1000 மெகாபிட் என்றால் வினாடிக்கு அதிகபட்சம் 125 மெகாபைட்தான். இதிலும் உறை, முகவரி என்று கொஞ்சம் கழிந்து, கம்பியில் அளந்தால் 940 மெகாபிட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். அது குறையல்ல.

சரி, மடையிலிருந்து தொடங்குவோம் என்று பெட்டியைத் தேடினேன். எங்கே இருந்தது தெரியுமா? கூடத்தில் இரும்பு பீரோவுக்குப் பின்னால், அக்கா கையால் போட்ட பூவேலைத் துணியைப் போர்த்திக்கொண்டு!

"ஏண்டி, கறுப்பாக ஒரு பெட்டி நடுக்கூடத்தில் கிடந்தால் நன்றாகவா இருக்கும்?" என்றாள் அக்கா.

அந்தப் பெட்டிக்குத் துணி போர்த்தினால் சூடேறும். இரும்பு பீரோவோ ரேடியோ அலையை மறிக்கும். வைஃபை என்பது ரேடியோ அலைதானே! அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. மைக்ரோவேவ் அடுப்பும் பக்கத்து வீட்டுப் பெட்டிகளும் அதே பாதையில்தான் நெருக்கியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை நல்ல வேகம். ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். மாடியில் வைஃபையில் அளந்தால் 40 மெகாபிட். பெட்டிக்குப் பக்கத்திலேயே லாப்டாப்பை வைத்து, குட்டைக் கம்பியால் இணைத்து அளந்தேன்: 930! தலைமடை நிரம்பி வழிகிறது. அடைப்பு வீட்டுக்குள்தான்.

(பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் மட்டும் விஷயம் வேறு. கண்ணாடி இழையில் வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம்; கம்பெனிக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். தலைமுடி கனமுள்ள அந்த இழையை ஆணியில் இறுக்கிச் சுற்றாதீர்கள். கூர்மையாக மடிந்த இடத்தில் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும்.)

துணியை எடுத்தோம், பெட்டியை உயரத்தில் வைத்தோம். கீழே செல்போன்கள் பறந்தன. மாடி மட்டும் மனம் வைக்கவில்லை. மாடிக்கு அத்தான் ஏற்கெனவே ஒரு கம்பி இழுத்து, "வைஃபையைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை" என்று போட்டுவைத்திருந்தார். அதில் அளந்தால் 94.

94! அந்த எண்தான் திருடனைக் காட்டிக்கொடுத்தது. 100 மெகாபிட் இணைப்பில் கழிவு போக மிஞ்சுவது ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தக் கம்பிக்குள் எட்டு இழைகள் உண்டு. 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். 1000க்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தால், பெரும்பாலும் இணைப்பு போகாது. சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். கம்ப்யூட்டரில் 'இணைப்பு வேகம்' என்ற இடத்தைப் பார்த்தோம். 100 என்றுதான் இருந்தது.

கம்பியைத் தடவிக்கொண்டே படியேறினோம். மொட்டைமாடிக் கதவிடுக்கில் தினமும் நசுங்கி, அப்பளம்போல் தட்டையாகக் கிடந்தது ஓரிடம்! அத்தான் மெல்ல நழுவிப் போய், தேனியிலிருந்து புதிதாக 'கேட் 6' கம்பி வாங்கி வந்தார். கதவை விட்டு விலக்கி, சுவரோரமாக இழுத்தோம்.

மறுநாள் காலை 40 ஜிகாபைட்டும் ஆறு நிமிஷத்துக்குள் இறங்கிவிட்டது. என் அக்கா பெண் கீழே வந்து, குழந்தைக்குத் தானே இட்லி ஊட்டினாள்.

"சித்தி, சென்னையில் சொல்லிவிட்டேன், நான் வரவில்லையென்று" என்றாள்.

பூவேலைத் துணி இப்போது மிக்ஸியின் மேல் இருக்கிறது.