ஈறு ஆபரேஷனுக்குப் பிறகு ‘பேக்’: எது யாருக்கு?

திண்டுக்கல் பிரியாணிக்கு வாசம் தரும் கிராம்புக்கும், ஈறு ஆபரேஷன் முடிந்ததும் பல் டாக்டர் அப்பிவிடும் ‘பேக்’குக்கும் பழைய உறவு உண்டு. 1923-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஏ.டபிள்யூ.வார்டு அறிமுகப்படுத்திய பேக்கில், துத்தநாக ஆக்ஸைடோடு சேர்த்தது கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினாலைத்தான். இன்று இதற்குப் பல மாற்றுகள் வந்துவிட்டன.

பேக் என்ன செய்யும்?

வாய்க்குள் துணிக்கட்டு நிற்காது. அதனால் மாவு போல உருட்டி, பல் இடுக்கில் அழுத்திவிடுகிறார்கள். சோறு, நாக்கு, பிரஷ் எதுவும் புண்ணில் உரசாமல் காப்பதுதான் இதன் வேலை. புண்ணை ஆற்றும் மருந்து அல்ல.

என்னென்ன வகை?

* யூஜினால் உள்ளது: கெட்டியாக உறையும். ஆனால் சிலருக்கு எரிச்சல், அலர்ஜி வரும். அதனால் பயன்பாடு குறைந்துவிட்டது.
* யூஜினால் இல்லாதது: ‘கோ-பேக்’ இந்த வகை. இரண்டு டியூப் பேஸ்டைக் கலந்து வைப்பார்கள். எரிச்சல் குறைவு. பரவலாகப் பயன்படுவது இதுதான்.
* லைட்டில் உறைவது: பல் அடைக்கும்போது காட்டும் அதே நீல லைட்தான். பளிச்சென வெளியே தெரியாது, முன்பல்லுக்கு வசதி.
* திசுப் பசை: சயனோஅக்ரிலேட் வகை. சில நொடிகளில் ஒட்டிவிடும். கடையில் வாங்கும் பசை வேறு; அதை வாயில் வைக்கவே கூடாது.
* கொலாஜன்: மேல் அண்ணத்தில் சதை எடுத்த இடத்தை மூட உதவும், தானே கரைந்துவிடும். பெரும்பாலும் விலங்குகளிலிருந்து எடுப்பது. சைவம் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கட்டாயம் போடணுமா?

இல்லை. ஈறைத் திரும்ப மூடித் தையல் போட்டிருந்தால், பேக் இல்லாமலும் நன்றாகவே ஆறும். வாயைச் சுத்தமாக வைத்து, டாக்டர் சொன்ன குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் பயன்படுத்தினால் போதும். ஈறை வெட்டியெடுத்து, புண் திறந்தே இருந்தால்தான் பேக் அதிகம் கைகொடுக்கும். ஆக, ‘விலை கூடினது நல்லது’ என்ற கணக்கு இங்கே செல்லாது. ‘எனக்குப் புண் திறந்திருக்கா, தையல் போட்டிருக்கா?’ என்று கேளுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு?

முதல் சில மணி நேரம் சூடாக எதுவும் வேண்டாம். பிறகு தயிர்சாதம், ஆறிய இட்லி சாப்பிடலாம். காரமான பிரியாணி காத்திருக்கட்டும். பேக் மேல் பிரஷ் படக்கூடாது. மற்ற பற்களைத் துலக்கலாம். சிகரெட், சுருட்டு, மெல்லும் புகையிலை எல்லாமே புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

வழக்கமாக ஒரு வாரத்தில் டாக்டரே எடுத்துவிடுவார். நடுவில் சின்னத் துண்டு உடைந்து விழுந்து, வலி இல்லையென்றால் பயப்பட வேண்டாம். முழுசாகக் கழன்றாலோ, ரத்தக் கசிவு நிற்காவிட்டாலோ, வீக்கம், காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டருக்குப் போன் பண்ணுங்கள். கழன்றதை நீங்களே திரும்ப ஒட்டிப் பார்க்காதீர்கள்.