மேகத்தின் அடிவயிற்றை அளப்பவர்கள்

ஆனைமலைத் தொடருக்கு வடக்கே பாலக்காட்டுக் கணவாய், தெற்கே மூணாறு. நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டர்கூட வராது. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்க்குள் தடையில்லாமல் புகுந்து, வாளையாறு தாண்டிக் கோவையைக் குளிர வைக்கிறது. மூணாற்றிலோ மலையில் முட்டி மேலேறி, அங்கேயே கொட்டித் தீர்க்கிறது.

இந்தக் காற்றையும் மழையையும் படிக்க, வானத்தைத் தொடாமலே அளக்கும் கருவிகள் உண்டு. அவற்றை நகரங்களில்தான் அதிகம் பார்க்கலாம். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 619 ஆண்டெனாக்கள் கொண்ட 205 மெகாஹெர்ட்ஸ் ராடார், ஊருக்கு மேலே வீசும் காற்றைப் படிக்கிறது. மலை மேகத்தைப் படிக்க மலைக்கே போயாக வேண்டும். திருவனந்தபுரத்திலுள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் மூணாற்றை அடுத்த ராஜமலையில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், மேக ஆய்வகம் அமைத்தது அதற்காகத்தான்.

அங்கே சீலோமீட்டர் என்ற கருவி லேசர் ஒளியை நேர்மேலே எய்கிறது. ஒன்றரை கிலோமீட்டர் உயர மேகத்தில் பட்டு ஒளி திரும்ப, ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு போதும். அந்த நேரத்தை வைத்து மேகத்தின் அடிவயிறு எங்கே என்று கணக்கிடலாம். நகரங்களில் புகையும் தூசியும் எவ்வளவு உயரம் எழுகின்றன என்பதையும் இதே முறையில்தான் பார்க்கிறார்கள். ராஜமலையில் ஒரு வேடிக்கை: பல நாள் மேகம் கருவியின் தலைமேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்!

பக்கத்துணை, சிறு மழை ராடார். பெரிய துளி வேகமாக விழும், சிறியது மெதுவாக. அந்த வேகத்திலிருந்து துளியின் பருமனைக் கண்டுபிடித்துவிடும். சாரல், தூறல் என்று நாம் பெயரிட்டுப் பிரித்ததை இது மில்லிமீட்டரில் பிரிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் பனிச்சீவல் உருகத் தொடங்கும். ஈரம் போர்த்திய சீவல் ராடாருக்குப் பெருந்துளியாகத் தெரிவதால், திரையில் பளிச்சென்று ஒரு பட்டை விழும். பட்டை தெரிந்தால், பரவலாக நின்று பெய்யும் மழை என்று பொருள்.

மழையை இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் ராஜமலையை ஒட்டித்தான் பெட்டிமுடி என்ற தோட்டக் குடியிருப்பு. 2020 ஆகஸ்ட் 6 அன்று 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இரவில் மலை சரிந்து லயங்கள் எனும் வரிசை வீடுகளை மூடியது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேரைப் பறிகொடுத்தோம். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. செய்தி மூணாற்றை எட்டியபோது பொழுது விடிந்திருந்தது.