கதை சொன்னவள் எங்கே?

பழங்கதைகளைத் திரைப்படமாக்குவது புதிய வழக்கமன்று. ஆயினும் டிஸ்னி நிறுவனம் தன் பழைய கார்ட்டூன் படங்களையே நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுத்து வருகின்றது. 'சின்டரெல்லா' 2015ஆம் ஆண்டிலும், 'அழகியும் அரக்கனும்' 2017ஆம் ஆண்டிலும், 'அலாவுதீன்' 2019ஆம் ஆண்டிலும் அவ்வாறு வெளிவந்தவை. மூலக்கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு சாராரும், காலத்துக்கேற்பத் திருத்தினார்கள் என்று மற்றொரு சாராரும் வழக்காடுகின்றனர். இவ்விரு கூற்றுக்களையும் கல்முனைக் கரையிலிருந்து சற்றே நிறுத்துப் பார்ப்போம்.

மூலம் என்பது எது? அலாவுதீன் கதையும் அலிபாபா கதையும் 'ஆயிரத்தோர் இரவுகள்' நூலின் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அலெப்போ நகரத்தவரான ஹன்னா தியாப் என்பவர் 1709ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் அந்துவான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞருக்கு வாய்மொழியாகச் சொன்னவை அவை. கலான் தம் நாட்குறிப்பில் அவரைக் குறித்து வைத்தார். அச்சிட்ட நூலிலோ அப்பெயர் இடம்பெறவில்லை. அரபுக் கதையென்று நாம் கருதும் அலாவுதீனின் நாடாக அந்நூல் காட்டுவதும் சீனத்தையே! ஆகவே, மாற்றுவது குற்றமன்று. வாய்க்கு வாய் மாறி வந்ததே கதை. எதை மாற்றினார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அலிபாபா கதையின் உண்மையான வீரர் அலிபாபா அல்லர். அவர் வீட்டு அடிமைப் பெண் மார்ஜியானா. திருடர்கள் வீட்டு வாசலில் இட்ட அடையாளத்தை அயல் வீடுகளிலும் இட்டு அவர்களைக் குழப்பியவள் அவள். சாடிகளில் ஒளிந்திருந்தவர்களைக் கொதிக்கும் எண்ணெயால் மாய்த்தவளும், நடனமாடியபடியே திருடர் தலைவனைக் குத்திக் கொன்றவளும் அவளே. 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில், டி. ஆர். சுந்தரம் இயக்கத்தில் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் எனப் பெயர் பெற்றது. பானுமதி மார்ஜியானாவாகச் சிறப்புற நடித்தார். ஆயினும் அலிபாபா அங்கே எம்.ஜி.ஆர். அன்றோ! மார்ஜியானா அவருடைய காதலியானாள். இறுதிப் போர் நாயகனுக்கு உரியதாயிற்று.

2019ஆம் ஆண்டின் 'அலாவுதீன்' பெண்ணை உயர்த்திய படமென்று புகழப்பட்டது. முடிவில் இளவரசி நாட்டையே ஆளுகின்றாள், அது வரவேற்கத்தக்கதே. ஆனால், பழைய கதையில் மந்திரவாதியை விருந்துக்கு அழைத்து, இன்முகம் காட்டி, நஞ்சு கலந்த கிண்ணத்தை நீட்டி அவனை வீழ்த்துபவள் இளவரசி. படத்தில் மந்திரவாதியை வஞ்சகமாக வெல்பவன் அலாவுதீன். தந்தை தந்த அரியணை அவளுக்குக் கிடைத்தது. அவள் கையிலிருந்த கிண்ணம் போயிற்று. ஆயுதமற்றவர் அறிவினால் வெல்வதே இக்கதைகளின் உயிர். அது நாயகனின் தோளுக்கு மாறும்போதுதான் கதை இளைக்கின்றது.

கதைக்குள் இருக்கும் பெண்ணைப் போலவே, கதை சொல்லும் பெண்ணும் நம் ஊர்களில் மறைந்து வருகின்றாள். மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் ஊர்களில் வீடு மகளுக்கே சீதனமாகும். மணமகன் அங்கே குடிவருவான். ஆதலின், பிள்ளைக்கு அருகிலிருந்து கதை சொல்ல வாய்ப்புப் பெற்றவள் தாயின் தாயாகிய மூத்தம்மா. அவள் வாயில் அரபு நாட்டு எண்ணெய்ச் சாடி நெல் மூட்டையாகலாம்; பாலைவனம் கடற்கரையாகலாம். அதுவும் மறுஆக்கமே, அதற்குப் பணமும் வேண்டாம், படப்பிடிப்புக் கருவியும் வேண்டாம். ஆனால், அது அவளோடு மறைந்துவிடக் கூடியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அவர்களோடு எத்தனை கதைகள் போயினவோ, யார் கணக்கிட்டார்?

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. திரைப்படத்தைப் பார்க்க வேண்டாமென்று மாணவரைத் தடுக்க வேண்டியதில்லை. பார்த்துவிட்டு வந்தவனிடம், "இதை உன் மூத்தம்மா எப்படிச் சொல்லுவா?" என்று கேளுங்கள். அவ சொல்வதை அவ பேசும் தமிழிலேயே எழுதி வரச் செய்யுங்கள். ஹன்னா தியாப்புக்கு நேர்ந்த குறை இங்கும் நேராதிருக்க, ஏட்டின் தலைப்பில் கதையின் பெயருக்கு முன்னே சொன்னவரின் பெயரையும் ஊரையும் எழுதச் சொல்லுங்கள்.