சோம்பலாகத் தெரிவதும் நோய்தான்

இருபது வயதுப் பையன். அம்மா வைத்த சாம்பாரைத் தொடவே மாட்டேன் என்கிறான். "இதுல என்னமோ கலந்திருக்க." அம்மா அதே கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி குடித்துக் காட்டியும் நம்பவில்லை. யாருமில்லாத அறையில் அவனைத் திட்டும் குரல்கள் கேட்கின்றன. மனச்சிதைவு நோய் பல வீடுகளில் இப்படித்தான் வெளியே தெரியவருகிறது.

அந்தக் குரல் நடிப்பில்லை. நம் பேச்சு நமக்குக் கேட்பது போலவே அவனுக்குக் கேட்கிறது. "யாரும் பேசலையேடா" என்று வாதாடிப் பயனில்லை. "பயமா இருக்கா? நான் கூடவே இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள், கொஞ்சமாவது அடங்குவான்.

உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும். மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளின் போக்கு பிசகுவதற்கு இதில் பங்குண்டு, பரம்பரைக்கும் உண்டு. கஞ்சா ஆபத்தைக் கூட்டும். வளர்ப்பும் செய்வினையும் காரணமே இல்லை. சினிமாவில் வரும் 'இரண்டு ஆளாக மாறுவது' வேறு சங்கதி.

மருத்துவரைத் தேடாமல் கழியும் மாதங்கள்தான் பெருங்கேடு. சிகிச்சைக்குப் பதிலாகக் கட்டிப்போடுவது அதைவிடக் கேடு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14416 என்ற அரசு எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை பலருக்குச் சில வாரங்களில் குரல்களை அடக்கிவிடும். "நல்லாயிட்டானே" என்று நிறுத்தினால் நோய் பெரும்பாலும் திரும்ப வரும். மாத்திரையால் எடை கூடுகிறதா, கை நடுங்குகிறதா? மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றித் தருவார்.

குரல் நின்ற பிறகும் பையன் குளிக்காமல், பேசாமல், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். "தண்டச்சோறு" என்ற பேச்சு விழுவது அப்போதுதான். மனதை உடைக்கும் பேச்சு அது. ஆர்வமும் முனைப்பும் வற்றிப்போவது இந்த நோயின் இன்னொரு முகம். மாத்திரைக்கு அவ்வளவாக மசியாத முகம். அதனால்தான் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' போன்ற அமைப்புகள் மருந்தோடு தொழில் பயிற்சியும் தருகின்றன.

வீட்டிலும் சின்னதாகத் தொடங்கலாம். காலையில் பால் பாக்கெட் வாங்கி வருவது அவன் வேலை. முதல் வாரம் அப்பா கூடப் போகட்டும். அடுத்த வாரம் அப்பா தெருமுனை வரைக்கும் வந்து நின்றால் போதும்.