சிப்காட்டிலிருந்து மருந்துப் பைக்கு: ஓசூர்க்காரர்கள் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு

ஓசூர் சிப்காட்டில் நாலைந்து வருடம் ஷிப்ட் பார்த்தவர்களிடம் அடிக்கடி எழும் கேள்வி: "மெடிக்கல் ரெப் வேலைக்குப் போயிடலாமா?" நைட் ஷிப்ட் கிடையாது, பஞ்சிங் மெஷின் கிடையாது, பைக் படியும் இன்சென்டிவும் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் மருந்து விற்பனையும் மருத்துவக் கருவி விற்பனையும் வெவ்வேறு தொழில்கள். எது உங்களுக்குப் பொருந்தும் என்பது நீங்கள் எதைப் படித்தீர்கள், ஆலையில் எதைச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

மருந்து ரெப் என்ன செய்கிறார்?

மருந்தை எழுதுபவர் டாக்டர். காசு கொடுப்பவர் நோயாளி. கடைக்குச் சரக்கு கொடுப்பவர் ஸ்டாக்கிஸ்ட். ரெப் இந்த மூவரில் யாரிடமும் நேரடியாகப் பணம் வாங்குவதில்லை. கிளினிக்கில் காத்திருந்து, கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் விஷுவல் எய்டைக் காட்டித் தன் மருந்தை டாக்டர் நினைவில் வைப்பதே அவர் வேலை. பிறகு பக்கத்து மெடிக்கலில் நின்று, எந்த டாக்டர் எந்த பிராண்டை எழுதுகிறார் என்று கேட்டுக் குறிப்பார். இதற்கு ஆர்.சி.பி.ஏ. என்று பெயர். இரவில் அன்றைய சந்திப்புகளை டி.சி.ஆர். என்னும் தினசரி அறிக்கையில் ஏற்ற வேண்டும்.

டார்கெட்டை ஓர் உதாரணக் கணக்கில் பார்ப்போம். மாத டார்கெட் 4 லட்சம் ரூபாய், ஸ்டாக்கிஸ்டுக்கு ஒரு ஸ்ட்ரிப் 80 ரூபாய் என்றால், 5,000 ஸ்ட்ரிப் விற்க வேண்டும். 25 வேலை நாளில் தினம் 200. ஒரு டாக்டர் தினம் 5 பேருக்கு, ஆளுக்கு 2 ஸ்ட்ரிப் எழுதினால் 10 ஸ்ட்ரிப் ஆகிறது. அப்படி எழுதும் டாக்டர்கள் 20 பேர் வேண்டும். ஒரு முறை எழுதினால் போதாது, தினமும் எழுத வேண்டும். புதிதாக வருபவருக்கு அந்த 20 பேரைச் சேர்க்கவே மாதங்கள் ஓடிவிடும்.

மாதக் கடைசியில்தான் உண்மையான நெருக்கடி. கம்பெனியிலிருந்து ஸ்டாக்கிஸ்டுக்குப் போவது பிரைமரி, ஸ்டாக்கிஸ்டிடமிருந்து கடைக்குப் போவது செகண்டரி. 29ஆம் தேதி ஏரியா மேனேஜர் கூப்பிடுவார்: "இன்னும் அறுபதாயிரம் குறையுது தம்பி, ஸ்டாக்கிஸ்ட்கிட்ட பேசி பில் போடச் சொல்லு." போட்டால் அந்த மாதம் தப்பித்துக்கொள்ளலாம். கடைக்குப் போகாத சரக்கு ஸ்டாக்கிஸ்ட் அலமாரியில் தங்கி, எக்ஸ்பைரியாகித் திரும்பும்போது உங்கள் விற்பனைக் கணக்கில்தான் கழியும். இந்தச் சுழலில் கைக்காசைப் போட்டவர்கள் உண்டு. செகண்டரி இல்லாத பிரைமரி, கடன்.

எல்லையோரத்தின் சிக்கல்

டோலோ 650 தயாரிக்கும் மைக்ரோ லேப்ஸுக்கு ஓசூர் சிப்காட்டில் ஆலை உண்டு. அதற்காக விற்பனை வேலை ஆலை வாசலில் கிடைக்காது. அதற்கான ஆட்களை ஏரியா மேனேஜர்களும் மண்டல மேலாளர்களும் தனியாக எடுக்கிறார்கள்.

ஸ்டாக்கிஸ்டுக்கான மருந்து உரிமம் மாநில வாரியானது. அதனால் பெரும்பாலான கம்பெனிகள் ஏரியாவையும் மாநில எல்லையோடு வெட்டிவிடும். பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் அத்திப்பள்ளி உங்கள் ஏரியாவாக இராது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊத்தங்கரை உங்கள் தலையில் விழலாம்.

ஓசூர் நோயாளிகளோ பொம்மசந்திரா நாராயணா மருத்துவமனைக்கும் பெங்களூரு நிம்ஹான்ஸுக்கும் போகிறார்கள். அங்கே எழுதிய சீட்டுக்கு ஓசூரில் மருந்து வாங்குகிறார்கள். நீங்கள் பார்க்காத டாக்டரால் உங்கள் ஸ்டாக்கிஸ்டிடம் சரக்கு நகரும். வேறு பிராண்டை அவர் எழுதினால் அதைத் தடுக்க உங்களால் முடியாது. ஆகவே இங்கே மெடிக்கல் ஷாப் தொடர்பு மற்ற ஊர்களைவிட முக்கியம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசத் தெரிந்தவருக்குக் கூடுதல் பலம். நேர்காணலில் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனைகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் மூலம் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. தனியார் கிளினிக்கும் நர்சிங் ஹோமும்தான் ரெப்பின் களம்.

கருவிப் பக்கம் ஏன் பார்க்க வேண்டும்?

எலும்பு இம்பிளான்ட், வென்டிலேட்டர், டயாலிசிஸ் மெஷின், ஸ்கேன், லேப் அனலைசர் எல்லாம் இந்தப் பக்கம். வாங்குவது மருத்துவமனை. முடிவெடுப்பதில் டாக்டரோடு நிர்வாகம், பர்ச்சேஸ், பயோமெடிக்கல் இன்ஜினியர் என்று பலர் இருப்பார்கள். டெமோ, கொட்டேஷன், பேரம், நிறுவுதல், ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்று ஒரு பெரிய விற்பனைக்கு மாதங்கள் ஆகும். இம்பிளான்ட் விற்பவர் சரியான சைஸ் பெட்டியோடு ஆபரேஷன் தியேட்டர் வரை போய் நிற்க வேண்டியிருக்கும். நள்ளிரவு விபத்துக் கேஸுக்கும் போன் வரும்.

ஆலையில் கற்றது இங்கே வீணாகாது. டிராயிங் படிப்பது, கேலிபரேஷன், பிரேக்டவுனுக்கு மூலகாரணம் தேடுவது, ஆடிட்டுக்கு ஆவணம் வைப்பது எல்லாம் இங்கே அன்றாடத் தேவை. வாகன உதிரிபாகத் தொழிலில் ஐ.ஏ.டி.எஃப். 16949 ஆடிட்டைச் சந்தித்தவருக்கு, மருத்துவக் கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 13485 அந்நியமாகத் தோன்றாது. இ.சி.இ., இ.இ.இ., இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்தவர்கள் முதலில் சர்வீஸ் இன்ஜினியராக நுழைந்து, பிறகு அப்ளிகேஷன் (கருவியை இயக்கக் கற்றுத்தரும் வேலை), அதன் பின் சேல்ஸ் என்று நகர்வது நடைமுறையில் உள்ள வழி. விப்ரோ ஜி.இ., சீமென்ஸ் ஹெல்த்தினியர்ஸ் போன்றவை பெங்களூரில் இருப்பது ஓசூர்க்காரர்களுக்கு வசதி. சென்னையில் டிரைவிட்ரான் உண்டு. இவற்றின் டீலர்களிடமும் வேலை தேடலாம்.

நேர்காணலுக்கு முன் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளைப் புரட்டுங்கள். ஆபத்தின் அளவைப் பொறுத்துக் கருவிகள் ஏ, பி, சி, டி என நான்கு வகை. அதே ஆண்டு பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கும் ஆகஸ்டில் முழங்கால் மூட்டு மாற்று இம்பிளான்ட்டுக்கும் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது. விலை கட்டுப்பட்ட பொருளில் இன்சென்டிவ் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேளுங்கள்.

எது சட்டப்படி சரி?

டாக்டர்களுக்குப் பரிசு கொடுத்து விற்பது பழைய பழக்கம். சென்னையைச் சேர்ந்த ஏபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில், அப்படிக் கொடுத்ததை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நடத்தை விதித்தொகுப்பு டாக்டர்களுக்குப் பரிசும் சுற்றுலாவும் கூடாது என்கிறது. சந்திக்க அனுமதி பெறுவதற்காக ரெப் பணம் கொடுக்கக் கூடாது. ஒரு மருந்துக்கு ஒரு டாக்டருக்கு வருடத்தில் 12 சாம்பிள் பேக்குக்கு மேல் தரக் கூடாது. நினைவூட்டுப் பொருள் ஒவ்வொன்றும் 1,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதே ஆண்டு கருவிகளுக்கும் தனி விதித்தொகுப்பு வந்தது. "டாக்டரை நீதான் கவனிச்சுக்கணும்" என்று மேனேஜர் பூசி மெழுகினால், அந்தச் செலவும் பழியும் யார் தலையில் விழும் என்று யோசியுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

- எழுத்துப்பூர்வமான நியமனக் கடிதம் உண்டா? விற்பனை ஊழியர்களுக்கு இதை 1976ஆம் ஆண்டுச் சட்டமே உரிமையாக்கியது.
- சம்பளம் கம்பெனி பே-ரோலிலா, ஏஜென்சி வழியாகவா?
- ஹெச்.க்யூ. (தலைமையிடம்) ஓசூரா, கிருஷ்ணகிரியா? எந்த ஊர்கள் எக்ஸ்-ஸ்டேஷன் (போய் அன்றே திரும்பும் ஊர்)? படி எவ்வளவு?
- இந்த ஏரியாவின் கடந்த 12 மாத செகண்டரி எவ்வளவு? பிரைமரியை மட்டும் காட்டினால் சந்தேகப்படுங்கள்.
- எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார்?
- டெபாசிட் கேட்கிறார்களா? கேட்டால் அது வேலையல்ல, உங்கள் பணத்தில் சரக்கு வாங்கி நீங்களே விற்கும் பி.சி.டி. வியாபாரம்.

பி.எஸ்சி., பி.ஃபார்ம். படித்து, பேச்சும் பொறுமையும் உள்ளவர் மருந்துப் பையைத் தூக்கலாம். டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்து மெஷினோடு வளர்ந்தவர் கருவிகளின் சர்வீஸ் பக்கம் நுழைவதே லாபம். எதுவானாலும் ஆறு மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்த ரெப் ஒருவரோடு மாதக் கடைசியில் இரண்டு நாள் சுற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் ராஜினாமாக் கடிதம் எழுதுங்கள்.