சேர ஒரு கிளிக், விலக ஒரு காவியம்

விமான டிக்கெட் போட்டு முடிக்கும் நேரத்தில், பயணக் காப்பீடு வேண்டுமா என்று திரை கேட்கிறது. மறுக்க நினைப்பவருக்கு இருக்கும் பட்டனில் 'வேண்டாம்' என்ற சொல்லே இல்லை. 'நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்' என்று எழுதியிருக்கிறது. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில், வாடிக்கையாளரைக் கூச வைத்துக் காரியம் சாதிக்கும் தந்திரத்துக்குக் காட்டப்பட்ட உதாரணம் இது. கேட்காமலே கூடையில் பொருளைச் சேர்ப்பது, இல்லாத அவசரத்தைக் காட்டுவது, கடைசிப் பக்கத்தில் விலையை ஏற்றுவது என்று மொத்தம் 13 தந்திரங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இவற்றுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்ற பொதுப்பெயரை 2010இல் வைத்தவர் பிரிட்டனைச் சேர்ந்த ஹாரி பிரிக்னல். ஆப், இணையதளம் போன்றவற்றில் மனிதரும் திரையும் பழகும் விதத்தை வடிவமைக்கும் 'இன்டராக்‌ஷன் டிசைன்' துறைக்காரர் அவர். அப்போது பேர்போன உதாரணம் ரயன்ஏர் விமான நிறுவனத்தின் தளம். அங்கே காப்பீடு வேண்டாம் என்பவர், எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்று கேட்கும் பட்டியலைத் திறக்க வேண்டும். அதில் நாடுகளின் பெயர்களுக்கு நடுவே, தானும் ஒரு நாடு என்பதுபோல, 'காப்பீடு வேண்டாம்' அகர வரிசையில் உட்கார்ந்திருக்கும்!

இந்தத் துறை தொடங்கிய இடம் வேறு. தள்ளுவதா இழுப்பதா என்று ஒருவர் கதவருகே திணறினால், தப்பு அவர் மேல் இல்லை, கதவை வடிவமைத்தவர் மேல்தான் என்று 1988இலேயே புத்தகம் எழுதிப் புரியவைத்தவர் டான் நார்மன். கண் முதலில் எங்கே போகும், விரல் எதைத் தன்னால் அழுத்தும் என்பதையெல்லாம் வடிவமைப்பாளர்கள் கற்றது பயனரின் சிரமத்தைக் குறைக்கத்தான். அதே படிப்பு இன்று தலைகீழாகவும் வேலை செய்கிறது.

எவ்வளவு பரவலாக? பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடன் சேர்ந்தவர்களும் 2019இல் ஏறத்தாழ 11,000 ஷாப்பிங் தளங்களை மென்பொருள் கொண்டு அலசி, 1,818 இடங்களில் இத்தகைய தந்திரங்களைக் கண்டுபிடித்தார்கள். சலுகை முடிய இன்னும் சில நிமிடங்களே என்று ஓடும் கடிகாரம், பக்கத்தை மறுபடி திறந்தால் முதலிலிருந்து ஓடியது. 'இப்போது இத்தனை பேர் பார்க்கிறார்கள்' என்று சில தளங்கள் காட்டிய எண்ணிக்கையை நிரல் வாயில் வந்தபடி உருவாக்கிக்கொண்டிருந்தது. இந்தத் தந்திரங்களைத் தயார்நிலையில் விற்கும் நிறுவனங்கள்கூட இருந்தன.

ஆனால் இதையெல்லாம் சில்லறை வேலையாக்கிவிட்டது அமேசான் பிரைம் விவகாரம். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் போட்ட வழக்கின்படி, அப்போது பிரைம் சந்தாவில் சேர ஓரிரு கிளிக் போதுமாக இருந்தது. விலக வேண்டுமானால் 4 பக்கங்கள், 6 கிளிக்குகள், 15 தெரிவுகள். ஒரு பக்கம் இழக்கப்போகும் சலுகைகளை நினைவுபடுத்தும், அடுத்தது வேறு கட்டணத் திட்டத்தைக் காட்டி மனதை மாற்றப் பார்க்கும். இந்த நடைமுறைக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்'. பல ஆண்டுகள் நீண்ட டிராய் போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர் அது. வழக்கறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு தேட வேண்டிய வாசகத்தை எதிர்த்தரப்பே எடுத்துக் கொடுத்திருந்தது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திரும்பப் போக வேண்டும். தவறு செய்ததாக அமேசான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஏமாற்றுவோம் என்று கூடிப் பேசி முடிவெடுத்துத்தான் இப்படிச் செய்கிறார்களா? பெரும்பாலும் அதற்கு அவசியமே இருக்காது. இணைய நிறுவனங்களில் 'ஏ/பி டெஸ்ட்' என்று ஒன்று அன்றாடம் நடக்கிறது. பயனர்களில் பாதிப் பேருக்கு ஒரு திரை, மீதிப் பேருக்குச் சற்றே மாற்றிய இன்னொன்று. எதில் அதிகம் பேர் பணம் கட்டினார்களோ அது தங்கும். 'கேன்சல்' பட்டனின் நிறம் வெளிறியதும் விலகுவோர் குறைந்தால், சோதனை வெற்றி. அவர்கள் மனம் மாறித் தங்கினார்களா, பட்டனைக் காணாமல் தங்கினார்களா என்று அந்த எண் சொல்லாது. ஆகவே தனித்தனித் தந்திரங்களுக்குப் பட்டியல் போடுவதைவிட, எதை அளந்து எதற்குப் பாராட்டு கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதே முக்கியம் என்கிறார்கள் விமர்சகர்கள். நியாயமான வாதம். ஆனாலும் 'இலியட்' என்று பெயர் வைத்தவர்களுக்கு எண்ணைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று நம்புவது கஷ்டம்.

இந்தியாவில் 2025 ஜூனில், மூன்று மாதங்களுக்குள் இத்தகைய தந்திரங்கள் இருக்கின்றனவா என்று தங்கள் தளங்களைத் தாங்களே தணிக்கை செய்யும்படி மின்வணிக நிறுவனங்களுக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியது. பரீட்சை எழுதியவரிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்த மாதிரிதான்.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. அங்கே தனியுரிமைக் காவல் அமைப்பு கிளிக்குகளையே எண்ணியது. இணையதளங்கள் நம் உலாவியில் பதிக்கும் குக்கீகளை ஏற்க ஒரு கிளிக், மறுக்கப் பல கிளிக்குகள் என்பதைக் காரணம் காட்டி கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. ஏப்ரலில் கூகுள், பிரான்ஸில் யூடியூபிலிருந்து தொடங்கி, 'அனைத்தையும் ஏற்கிறேன்' பட்டனுக்குப் பக்கத்திலேயே 'அனைத்தையும் மறுக்கிறேன்' பட்டனையும் வைத்தது.