வெண்டிச் செடியில் ஒரு பாடம்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். யுத்தத்தில் கணவரை இழந்தபின், வரிப்பத்தான்சேனையில் வளவுத் தோட்டம் செய்தே பிள்ளைகளை வளர்த்தேன்.

பாலர் பாடசாலையில் பேத்தி வரைந்த பூஞ்செடிக்கு வேரே இல்லை. "அது தெரியாதே, உம்மம்மா" என்றாள். வெண்டிக் கன்றொன்றைக் கிளப்பிக் காட்டினேன். வேர் நீரை உறிஞ்சும், தண்டு மேலே கொண்டுபோகும், இலை வெயிலில் உணவு தயாரிக்கும் என்றேன்.

பக்கத்துச் செடியில் மஞ்சள் பூ. 5 இதழ்களை எண்ணினாள்; நடுவிலிருந்த மகரந்தம் விரலில் ஒட்டியது. அன்றே பூ வாட, முகம் சுருங்கினாள். இரண்டொரு நாளில் அவ்விடத்தில் பிஞ்சு! முற்றியதும் பிளந்து விதைகளைக் கொடுத்தேன். அவளே நட்டாள்.

சகோதரிகளே, படிப்பில்லையென்று ஒதுங்காதீர்கள். உங்கள் வளவிலும் பாடம் இருக்கிறது.